தோட்டாவுக்கு வயசாகலை, ஆனாலும் விரிசல் விட்டது

பழைய பித்தளைச் சாமான் விரிசல் விட்டால் நாம சொல்ற காரணம் ஒண்ணுதான்: "வயசாயிடுச்சு, உலோகம் இத்துப்போச்சு." பரணில் இருந்து இறக்கின குடமா இருந்தாலும் சரி, மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி கிடக்கிற வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டாவா இருந்தாலும் சரி, இதே பதில்தான். கேட்கச் சரியாத்தான் இருக்கும். ஆனா பித்தளைக்கு நம்மளை மாதிரி வயசாகாது.

சந்தேகம் இருந்தா விரிசல் விட்ட பழைய பித்தளைத் தகடு ஒண்ணை எடுங்க. விரிசல் ஓடாத பக்கத்துல ஒரு துண்டு வெட்டி இடுக்கியால மடக்குங்க. பெரும்பாலும் அது நொறுங்காது, நல்லாவே மடங்கும். உலோகமே இத்துப்போயிருந்தா எல்லா இடமும் பிஸ்கட் மாதிரி உடையணும் இல்லையா? விரிசலுக்கு ஒரு விரல் தள்ளி இருக்கிற பித்தளை, செஞ்ச நாளில் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. அதே பரணில் அதே நூறு வருஷம் கிடந்த இன்னொரு குடம் 'ணங்'குனு கேட்குது. அப்போ வயசு குற்றவாளி இல்லை. வேற யாரோ.

அந்த வேற யாரைக் கண்டுபிடிக்க உதவின கேஸ் நம்ம நாட்டுல நடந்தது. மெட்டலர்ஜி புத்தகங்களில் "சீசன் கிராக்கிங்" என்ற பேரில் ரெண்டு வரியில் முடிச்சிருப்பாங்க. செமஸ்டருக்கு ரெண்டு மார்க் கேள்வி. ஆனா அதுக்குள்ள இருக்கிற விஷயம் ரெண்டு மார்க்கைவிடப் பெரிசு.

மழைக்காலமும் குதிரை லாயமும்

1751ல் நம்ம ஆரணியில கிளைவின் படை சண்டை போட்டப்போ தோட்டான்னா காகிதத்துல சுருட்டின மருந்தும் ஈயக்குண்டும்தான். ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளை உறை வர அதுக்கு அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்தப்போ அது பெரிய முன்னேற்றம். மருந்து நனையாது. சுடும்போது பித்தளை உறை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயுவைப் பின்பக்கம் வராமல் அடைக்கும். சுட்டு முடிஞ்சதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். உள்ளே உருவாகிற அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. சுடுகிறவன் முகத்துக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவில் நிற்பதில் அந்த மெல்லிய பித்தளையும் ஒண்ணு.

பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்துல படை நகர்த்துறதைக் குறைச்சுக்கும். சேறு, வெள்ளம், காய்ச்சல். அந்த மாசங்களில் தோட்டாப் பெட்டிகளைக் கூரை இருக்கிற இடத்துல வைக்கணும். குதிரைப்படை நிறைய இருந்த ராணுவம் அது, அதனால குதிரை லாயம் தாராளமா இருந்தது. பெட்டிகள் அங்கே போச்சு. மழை முடிஞ்சு திறந்து பார்த்தா நிறையத் தோட்டாக்களில் விரிசல். குறிப்பா குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற கழுத்துப் பகுதியில், நீளவாக்கில். யாரும் சுடலை, யாரும் கீழே போடலை. சும்மா இருந்த தோட்டா.

சும்மா இருக்கிற பொருள் எப்படி உடையும்? உடைய விசை வேணும்னுதானே முதல் செமஸ்டரிலிருந்து படிக்கிறோம்.

பேருக்கு ரெண்டு விளக்கம் சொல்றாங்க. மரம் காயும்போது விடுகிற வெடிப்பு மாதிரி இருந்ததால் வந்த பேர் என்பது ஒண்ணு. மழை சீசனில் வந்ததால் என்பது இன்னொண்ணு. பேர் எப்படி வந்திருந்தாலும், காரணத்தைத் தெளிவாக நிறுவினது 1921ல். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் லண்டன் உலோகக் கழகத்தின் இதழில் எழுதின நீண்ட கட்டுரை அது. அவங்க பிடிச்ச குற்றவாளிகள் ரெண்டு பேர். ஒருத்தர் தோட்டாவுக்குள்ளேயே ஒளிஞ்சிருந்தார். இன்னொருத்தர் லாயத்துக் காற்றில் இருந்தார். ரெண்டு பேரில் ஒருத்தர் மட்டும் இருந்திருந்தா இந்த விரிசல் வந்திருக்காது.

முதல் ஆள்: உள்ளே தங்கிவிட்ட இழுவை

தோட்டா உறைக்குப் போடுற பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். நல்லாப் பதப்படுத்தின நிலையில் இதை இழுத்தா, அறுபடுறதுக்கு முன்னாடி அதன் நீளத்தில் 60 சதவீதம் வரை நீளும். அப்படி ஒரு இளகின மனசு. ஒரு வட்டத் தகட்டை முதலில் கிண்ணமா அழுத்துவாங்க, அப்புறம் அச்சுக்குள்ள விட்டு விட்டு இழுத்து நீளமான குழலாக்குவாங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை கடினமாகும். அதனால நடுநடுவே சூடுபடுத்தி இளக்கிவிட்டு மறுபடி இழுப்பாங்க. ஜரிகைக்குக் கம்பி இழுக்கிற இடத்திலும் இதே கதைதான். குடம் தட்டுறவரும் தட்டித் தட்டிக் கெட்டியானதும் நெருப்பில் காட்டிவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்.

ஆனா கடைசி இழுப்புக்கு அப்புறம் முழுசா இளக்கிவிட முடியாது. உறையின் உடல் கெட்டியா, ஸ்பிரிங் மாதிரி இருந்தால்தான் சுட்டதும் சுருங்கி வெளியே வரும். இளகி இருந்தா அறைக்குள்ளேயே ஒட்டிக்கும். ஆக, கடைசியா வாங்கின அடியெல்லாம் உறைக்குள்ளேயே தங்கிவிடும். அது போதாதுன்னு கழுத்தைச் சுருக்கி, உள்ளே குண்டை இறுக்கமா நுழைச்சுருவாங்க. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுறது ஞாபகம் இருக்கா? குளிர்ந்ததும் பட்டா சக்கரத்தை இறுக்கும். இறுக்குகிற பட்டா தானும் வாழ்நாள் முழுக்க இழுவையில் இருக்கும். தோட்டாவின் கழுத்தும் அப்படித்தான். சுற்றளவு வாக்கில் இழுவை. சுற்றளவில் இழுவைன்னா விரிசல் எந்தப் பக்கம் ஓடும்? நீளவாக்கில். லாயத்துல பார்த்ததும் அதுதான்.

இதை ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்று சொல்லிக்கொடுப்பாங்க. தமிழில் எஞ்சிய தகைவு. "வெளியே விசையே இல்லாதப்போ உள்ளே எப்படி ஸ்ட்ரெஸ் இருக்கும்?" என்று வகுப்பில் யாராவது கண்டிப்பா கேட்பாங்க. நியாயமான கேள்வி. பதிலுக்கு எங்க கலசப்பாக்கத்திலிருந்து ஆரணிப் பக்கம் வாங்க, ஏதாவது ஒரு தறிக்கூடத்துல எட்டிப் பாருங்க. நெசவாளர் சாப்பிடப் போயிருக்கார். தறியை யாரும் தொடலை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பட்டுப் பாவு இழைகள் விறைப்பா நிக்குது. பாவு இழுவையில் இருக்கு. அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற மரங்கள் அந்த இழுவையை எதிர்த்து நிக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாகிப்போறதால தறி நகராது, வெளியில் இருந்து பார்த்தா அமைதி. அந்த அமைதியில் நாலு இழையைப் பிளேடால தொட்டுப் பாருங்க (வேண்டாம், அடி விழும்). பட்டென்று தெறிக்கும். வெட்டினது பிளேடு, தெறிக்க வெச்ச விசை காலையில் இருந்தே அங்க இருந்தது.

பித்தளை உறைக்குள்ளும் ஒரு பகுதி இழுவையில், பக்கத்துப் பகுதி அழுத்தத்தில். மொத்தக் கணக்கு பூஜ்ஜியம். வெட்டறதுக்கு ஒரு பிளேடு வந்தா போதும்.

இரண்டாவது ஆள்: லாயத்து நெடி

காலையில மாட்டுக்கொட்டகைக்குள்ள நுழைஞ்சதும் மூக்கைத் துளைக்குமே, அந்த நெடிதான் பிளேடு. மூத்திரத்தில் யூரியா இருக்கு. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைச்சு அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கிடும். குதிரைக்கும் அதே கணக்கு. அடைச்ச லாயம், நின்னுபோன காற்று, மழைக்கால ஈரம்: தோட்டாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படியும். அந்தப் படலத்துல அம்மோனியா கரையும். காற்றில் ஆக்சிஜன் இருக்கவே இருக்கு.

அடுத்து என்ன நடக்கும்னு நீங்க பிளஸ் டூவிலேயே பார்த்திருக்கீங்க. உப்புப் பகுப்பாய்வுல செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடை ஊத்தினா ஒரு அடர் நீலம் வருமே, "செம்பு உறுதி" என்று ரெக்கார்டில் எழுதினோமே, அதே வினைதான். செம்பு அயனியை அம்மோனியா மூலக்கூறுகள் நாலு பக்கமும் சூழ்ந்து கரைசலுக்குள்ள இழுத்துக்கும். சாதாரணமா பித்தளை மேல படியிற ஆக்சைடு பூச்சு அதுக்குக் காவல். அம்மோனியா அந்தக் காவலைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். துத்தநாகத்தையும் அது விடாது.

ஆனா இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். லாயத்துல இருந்த அம்மோனியா அளவு உறையைக் கரைச்சுத் தீர்க்கிற அளவு இல்லை. எடை போட்டுப் பார்த்தா பெரிசா ஒண்ணும் குறைஞ்சிருக்காது. அது மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி மேயவும் இல்லை. உலோகத்தின் படிகத் துகள்களுக்கு நடுவுல இருக்கிற எல்லைக்கோடுகளில் புகுந்தது. அங்க ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தின் நுனியில் உள்ளே தங்கியிருந்த இழுவை குவியும். நுனியில் படியிற பூச்சு உடையும். புது உலோகம் அம்மோனியாவுக்கு முகம் காட்டும். அது கொஞ்சம் அரிக்கும், மறுபடி பூச்சு, மறுபடி உடைப்பு. விரிசலின் பக்கவாட்டுச் சுவர்களில் இழுவை இல்லாததால் பூச்சு உடையாமல் நிக்கும். நுனி மட்டும் முன்னேறிக்கிட்டே போகும். அதனால்தான் விரிசல் அகலமில்லாமல் கத்தி கீறின மாதிரி ஆழமா இருக்கு. 60 சதவீதம் நீளக்கூடிய உலோகம் கண்ணாடி மாதிரி, கொஞ்சமும் நீளாமல் பிளக்குது. பார்க்கிறவங்க "பித்தளை நொறுங்குற தன்மைக்கு வந்துடுச்சு" என்று முடிவு கட்டினதுக்குக் காரணம் இதுதான். உலோகம் அப்படியேதான் இருந்தது. நுனியில் நடந்த கூட்டுச் சதிதான் அதை அப்படிக் காட்டினது.

அம்மோனியா மட்டும் இருந்து இழுவை இல்லேன்னா? கறுக்கும், நீலம் பச்சை பூக்கும், புளி போட்டுத் தேய்ச்சா போய்டும். இழுவை மட்டும் இருந்து அம்மோனியா இல்லேன்னா? நூறு வருஷம் ஆனாலும் சும்மா இருக்கும். பரணில் இருந்த நல்ல குடத்தின் ரகசியம் அதுதான். மூணாவது நிபந்தனையும் ஒண்ணு இருக்கு, உலோகத்தின் கலவை. துத்தநாகம் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தா இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. அதுக்கு மேல போகப் போகக் கூடும். தோட்டாப் பித்தளை 30ல் உக்காந்திருக்கு.

மருந்து: 300 டிகிரிக்கு உள்ளே

காரணம் தெரிஞ்சதும் குதிரையை வெளியேத்தணும்னு தோணும். அவங்க செஞ்சது அதைவிடப் புத்திசாலித்தனம். உறையைச் செஞ்சு முடிச்சப்புறம் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் அளவில் கொஞ்ச நேரம் சூடுபடுத்தினா, உள்ளே தங்கின இழுவையில் பெரும்பகுதி தளர்ந்துபோகும். ஆனா அந்தச் சூட்டில் படிகங்கள் புதுசா உருவாகத் தொடங்காது, அதனால கடினமும் ஸ்பிரிங் தன்மையும் போகாது. தறிக்கட்டையை அரைச் சுற்று தளர்த்துற மாதிரி. பாவு அறுபடவும் இல்லை, பழைய விறைப்பும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கலவையை மாத்தலை, பூச்சு போடலை. கொஞ்சம் சூடு, அவ்வளவே.

கழுத்துப் பகுதியை மட்டும் தனியா, இன்னும் அதிகமா தீயில் காட்டி இளக்குற வழக்கமும் இருக்கு. ராணுவத் தோட்டாப் படங்களில் கழுத்துப் பக்கம் ஊதாவும் பழுப்புமா ஒரு கறை தெரியும். அழுக்குன்னு நினைச்சுடாதீங்க, சூடுபடுத்தினதுக்கான அடையாளம் அது. தேய்ச்சு எடுக்காம அப்படியே விட்டிருப்பாங்க.

இழுவை தளர்ந்துச்சான்னு சோதிக்க ஒரு பழைய வழி, மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் முக்குறது. இழுவை மிச்சம் இருந்தா அரை மணி நேரத்துக்குள்ள விரிசல் காட்டிக்கொடுத்துடும். பாதரசம் விஷம் என்பதால் அதுக்குப் பதிலா அம்மோனியா ஆவிச் சோதனையும் இப்போ உண்டு. திருடனையே சாட்சியாக்கின கதை.

பாதரசம்னு சொன்னதும் இன்னொரு விஷயம். எல்லாப் பழைய தோட்டா விரிசலையும் குதிரை தலையில் கட்டக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் தோட்டாவின் அடியில் பொறி பத்த வைக்கிற மருந்து மெர்குரி ஃபுல்மினேட். சுட்டதும் அதிலிருந்து பிரியிற பாதரசம் பித்தளையின் எல்லைக்கோடுகளில் புகுந்து அதை நிஜமாவே நொறுங்க வைக்கும். ஒருமுறை சுட்ட அந்த உறையை மறுபடி நிரப்பிச் சுட முடியாது. இன்னொரு எதிரி உள்ளேயே இருக்கிற வெடிமருந்து. நம்ம நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கே, அந்தக் கார்டைட் வகை மருந்துகளின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பல பத்தாண்டுகளில் அது மெதுவா சிதைஞ்சு நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும். ஈரத்தோடு சேர்ந்தா அமிலம். பித்தளையை உள்பக்கமிருந்து அரிக்கும். சிதைவைத் தாமதிக்க நிலைப்படுத்தி ஒண்ணு சேர்ப்பாங்க, அது தீர்ந்துபோனா வேகம் பிடிக்கும். இங்கேயும் பாருங்க, வயசு என்று நாம சொல்றது நிஜத்தில் ஒரு வேதிவினையின் கணக்கு.

அதனால ஒரு எச்சரிக்கை. கிணறு தூர்வாரும்போதோ பழைய வீடு இடிக்கும்போதோ தோட்டா கிடைச்சா, "மெட்டீரியல் சயின்ஸ் சாம்பிள்" என்று ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வராதீங்க. விரிசல் விட்டிருக்குன்னா மருந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. தொடாம 112க்குச் சொல்லுங்க.

நம்ம கொட்டகையில்

லாயம் போச்சு, அம்மோனியா போகலை. எங்க ஊர்ப் பேரிலேயே கலசம் இருக்கு. ஆனா பல வீடுகளில் பித்தளைக் குடமும் அண்டாவும் எவர்சில்வர் வந்ததும் போன இடம் மாட்டுக்கொட்டகை மூலை. பக்கத்திலேயே யூரியா மூட்டை. தட்டிச் செஞ்ச குடம், கெட்டியான கழுத்து, செய்யாற்றுப் பக்கத்து ஐப்பசி ஈரம். தோட்டாவுக்கு லாயத்தில் என்னென்ன கிடைச்சதோ எல்லாம் இதுக்கும் ஒரே இடத்தில் கிடைக்குது. அடுத்த தடவை வீட்டுக்குப் போறப்போ அதைச் சமையலறைப் பரணுக்கு மாத்திடுங்க, பாட்டி சந்தோஷப்படுவாங்க.

ஹாஸ்டல் கழிவறையில் இறுக்கி முறுக்கின பித்தளைக் குழாய் நட்டு ஒண்ணு திடீர்னு ரெண்டா பிளந்து தண்ணி பீய்ச்சினா, பிளம்பரோட ஸ்பேனரை மட்டும் திட்டாதீங்க. நட்டை இறுக்கினதில் இழுவை வந்தது. நெடி எங்கிருந்து வந்ததுன்னு நான் சொல்ல வேண்டாம். அம்மோனியா ஓடுற குளிர்பதன ஆலைகளில் பித்தளை, செம்பு உதிரிகளை ஒதுக்கி வைக்கிறதுக்குப் பின்னாடியும் இந்த வேதியியல்தான் இருக்கு.

பித்தளையோடு இது நிக்கலை. ஒவ்வொரு உலோகத்துக்கும் அதன் குதிரை லாயம் ஒண்ணு இருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அது சூடான உப்புநீர். 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றுப் பாலம் ஒன்று மாலை நேர நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தாங்க. தொங்கு சங்கிலியின் ஒரே ஒரு இரும்புக் கண்ணியில், கண்ணுக்குப் படாத இடத்தில், இழுவையும் அரிப்பும் சேர்ந்து வளர்த்த சின்ன விரிசல். டிசைன் போட்டவங்க இழுவையைக் கணக்குப் போட்டிருந்தாங்க. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும் என்பது கணக்கில் இல்லை.

மெட்டலர்ஜி லேபில் இதை நீங்களே பார்க்கலாம், மினி புராஜெக்டுக்கும் ஆகும். ஒரே பித்தளைத் தகட்டிலிருந்து மூணு பட்டைகள் வெட்டுங்க. ஒண்ணை நல்லா இளக்கி மடக்காம வைங்க. ரெண்டாவதை 'ப' வடிவில் வளைச்சு, முனைகளை நைலான் கயிறால இறுக்கிக் கட்டுங்க. மூணாவதை அதே மாதிரி வளைச்சு, கட்டாம 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வெச்சு எடுங்க. மூணையும் மூடின ஜாடியில், அம்மோனியாக் கரைசல் மேலே படாமல் ஆவி மட்டும் படும்படி தொங்கவிடுங்க. புகைக் கூண்டுக்குள்ள, லேப் சார் பக்கத்துல இருக்கும்போது மட்டும். ரெண்டாவது பட்டையின் வளைவில் விரிசல் தெரிய ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காது. மெருகேத்தி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா விரிசல் துகள்களின் எல்லையைப் பிடிச்சுப் போறது தெரியும்.

நாலாவது பட்டை ஒண்ணு மிச்சம் இருந்தா, வளைச்சு, கட்டாம, சூடும் பண்ணாம அப்படியே தொங்கவிடுங்க. அதுல விரிசல் வந்தா வளைவின் வெளிப்பக்கம் தொடங்குமா, உள்பக்கம் தொடங்குமா? வெளிப்பக்கம்னு பட்டுனு சொல்றவங்க, கையை விட்டதும் பட்டை கொஞ்சம் நிமிருதே, அந்த ஸ்பிரிங்பேக்கைக் கணக்கில் சேர்த்துக்கிட்டு ஒரு தடவை ஸ்ட்ரெஸ் படம் வரைஞ்சு பாருங்க.